ஜெபத்தோடு தொடங்கி இழுபறியில் முடியும் திங்கட்கிழமைக் கூட்டம்

கேள்வி: பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், உலோகப் பாகங்களைக் கடையும் சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) டர்னிங், மில்லிங் வேலை செய்யும் 42 பேர் கொண்ட யூனிட்டில் ஆபரேஷன்ஸ் மேனேஜராக இருக்கிறேன். முதலாளியும் நானும் தமிழர்கள், கிறிஸ்தவர்கள். திங்கள்தோறும் காலை 9.30-க்கு 11 பேர் உட்காரும் கூட்டம் ஒரு சங்கீதம், சின்ன ஜெபத்தோடு தொடங்கும். ஒரு மணி நேரம் என்று பெயர், முடிய 11.30 ஆகிறது. எல்லோரும் "சரி மேடம்" என்கிறார்கள், அடுத்த திங்களும் அதே பேச்சு. மினிட்ஸ் நோட்டில் அறுபதுக்கு மேல் நிலுவை. நடுவில் முதலாளி வந்தால் எடுத்த முடிவு மாறிவிடும். சில வாரங்களாக மூன்று பேர் ஜெபம் முடிந்த பிறகே உள்ளே வருகிறார்கள். போன மாதம் 180 பீஸ் ரிஜெக்ட் ஆனதைப் பற்றி ஒரு சீனியர் சூப்பர்வைசரை எல்லோர் முன்னாலும் கேட்டேன். அன்று முதல் அவர் வாயே திறப்பதில்லை. கிறிஸ்தவ நெறிப்படி ஆபீஸ் கூட்டத்தை நடத்துவது எப்படி? ஜெபத்தை நிறுத்தினால் கர்த்தரை மறுதலித்தது ஆகாதா?
– வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஜெபத்தைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

சம்பளம் கொடுக்கிற இடத்தில் நடக்கும் ஜெபத்துக்கு "நான் வரவில்லை" என்று சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் இருக்காது. உங்கள் மூன்று பேரும் வாயால் சொல்லாமல் காலால் சொல்லியிருக்கிறார்கள். இதை அவர்கள் பக்கம் நின்று பார்க்க பீன்யாவிலேயே ஒரு வழி உண்டு. ஆயுத பூஜை அன்று மெஷினுக்கு மெஷின் மாலை போட்டு, குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அப்படி ஒரு யூனிட்டில் வேலை பார்க்கும் உங்கள் சபைக்காரர் ஒருவர், தட்டை வாங்க மனமில்லாமல், முதலாளி கண்ணில் படாமல் தூண் ஓரமாக நிற்பார். அந்த நெளிவுதான் திங்கள் காலையில் இந்த மூன்று பேருக்கும். "மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்" என்ற மத்தேயு 7:12 இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

ஆகவே ஜெபத்தை விடச் சொல்லவில்லை, கூட்டத்திலிருந்து பிரித்துவிடச் சொல்கிறேன். விரும்புகிறவர்கள் 9.10-க்கு வேறொரு அறையில் கூடட்டும், 9.20-க்குள் முடியட்டும். இதில் தவறக்கூடாதவை சில உண்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்று மனதுக்குள்கூடக் கணக்கு வைக்காதீர்கள். அங்கே ஆர்டர், லீவு, இன்க்ரிமென்ட் எதுவும் பேசப்படக் கூடாது. பேசப்பட்டால் வராதவர்களுக்கு அது இரண்டாவது, ரகசியக் கூட்டமாகிவிடும். முதலாளியோ நீங்களோ ஊரில் இல்லாத வாரமும் அது தானாக நடக்கிறதா என்று பாருங்கள். நடக்காவிட்டால், வந்தவர்கள் ஜெபத்துக்கு வரவில்லை, உங்களுக்காக வந்தார்கள் என்று அர்த்தம். மலைப்பிரசங்கத்தில் "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபிக்கச் சொன்னது இயேசுதான். அதன்படி செய்வது எப்படி மறுதலிப்பாகும்?

கிறிஸ்தவ நிறுவனங்களில் மட்டும் காணப்படும் இரண்டு வழக்கங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களிடம் இல்லாவிட்டால் நல்லது. ஒன்று, ஜெபத்துக்குள்ளே திட்டுவது: "ஆண்டவரே, எங்களில் சிலரிடம் உள்ள சோம்பலை அகற்றும்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஸ்டோர்ஸ்காரரைக் குத்துவது. அவரால் பதில் சொல்ல முடியாது, ஆமென் வேறு சொல்ல வேண்டும். இன்னொன்று, "ஜெபித்தேன், கர்த்தர் உணர்த்தினார்" என்று ஒரு பர்ச்சேஸ் முடிவை மேஜையில் வைப்பது. அதற்குப் பிறகு எந்த சப்ளையர் மலிவு என்று யார் பேசத் துணிவார்? உணர்த்தப்பட்டது மெய்யானால் அது கொட்டேஷனோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி கூட்டத்துக்கு வருவோம். 11 பேர், 2 மணி நேரம் என்றால் 22 மணி. எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் வாரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று ஆள்நாள், வருடத்துக்கு 50 வாரம் என்று வைத்தால் 1,100 மணி. நீங்கள் ஒரு புது மெஷின் வாங்குவதானால் எத்தனை முறை கணக்குப் பார்ப்பீர்கள்? கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14:28-ல் கேட்கப்படுகிறது. கூட்டம் மட்டும் செலவில்லாதது போல நடந்துகொண்டிருக்கிறது. என் பார்வையில் ஒரு கூட்டம் கிறிஸ்தவக் கூட்டமா என்பது அதன் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிவதில்லை. அங்கே வந்தவர்களின் நேரம், பேச்சு, மானம் மூன்றும் எப்படி நடத்தப்பட்டன என்பதில்தான் தெரியும். மூன்றுக்கும் செய்ய வேண்டியவை ரொம்பச் சாதாரணமானவை: தாள், பேனா, கடிகாரம்.

முதலில் ஆட்களைக் குறையுங்கள். 11 பேரும் எல்லா விஷயத்துக்கும் தேவையில்லை. ஆறு பேர் முழு நேரம். மற்றவர்கள் தங்கள் விஷயம் வரும்போது வந்து, முடிந்ததும் எழுந்து போகட்டும். ஆனால் யாரைக் குறைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாடப் பந்தி விசாரிப்பில் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை எங்கே எழுந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று படிக்க இடமிருக்கிறது. உங்கள் இடத்தில் இதன் பொருள்: நைட் ஷிஃப்டில் வந்த ரிஜெக்‌ஷனைப் பற்றி, நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர்கூட இல்லாமல் பேசக் கூடாது. இரவு வேலை முடித்தவரைக் காலை 9.30 வரை காத்திருக்க வைப்பது கொடுமை. அவரிடம் ஷிஃப்ட் முடியும்போது பத்து நிமிடம் பேசி, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக் கூட்டத்தில் வாசியுங்கள்.

அஜெண்டா வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். திங்கள் காலை மேஜையில் வைக்கும் அஜெண்டா எதற்கும் உதவாது. ஆட்கள் எண்களோடு வரமாட்டார்கள், "பார்த்துச் சொல்றேன்" என்பார்கள், விஷயம் அடுத்த வாரத்துக்குப் போகும். உங்கள் அறுபது நிலுவைகளில் பெரும்பகுதி இப்படித்தான் பிறந்திருக்கும். ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு சொல்லாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். "ரிஜெக்‌ஷன்" என்று எழுதினால் அரை மணி நேரம் புலம்பல் வரும். "3-ம் டர்னிங் மெஷினில் ஷிஃப்ட் மாறும்போது முதல் பீஸை யார் அளப்பது, எங்கே எழுதுவது?" என்று எழுதினால் பதில் வரும். தகவல் மட்டும் சொல்ல வேண்டியவற்றை, அதாவது போன வார உற்பத்தி, லீவு பட்டியல், கஸ்டமர் வருகை போன்றவற்றை, வாட்ஸ்அப் குழுவிலோ நோட்டீஸ் போர்டிலோ போட்டுவிடுங்கள். வாசித்துக் காட்டுவதற்காக யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

ஒரு திங்கள் இப்படி இருக்கலாம்:

போன வார முடிவுகள், முடிந்ததா இல்லையா – 5 நிமிடம்.
3-ம் மெஷின், முதல் பீஸ் அளவு: யார், எங்கே? முடிவு தேவை – 15 நிமிடம்.
வெள்ளிக்கிழமை போக வேண்டிய இரண்டு ஆர்டரில் எதற்கு முதலில் மெஷின்? முடிவு தேவை – 12 நிமிடம்.
இன்சர்ட் (உலோகத்தை வெட்டும் முனை) குறைந்தபட்ச ஸ்டாக் எவ்வளவு? கருத்து மட்டும் – 8 நிமிடம்.
எழுதிய முடிவுகளை உரக்க வாசித்தல் – 5 நிமிடம்.

மொத்தம் 45 நிமிடம். கனமான விஷயம் இரண்டாவதாக இருப்பதைக் கவனியுங்கள். முதலில் வைத்தால் தும்கூர் ரோடு நெரிசலில் மாட்டியவர் அதைத் தவறவிடுவார். கடைசியில் வைத்தால் நேரம் போதாமல் அவசரத் தீர்ப்பு வரும். தாமதமாக வந்தவருக்காகத் திரும்பச் சொல்லாதீர்கள். சொன்னால் நேரத்துக்கு வந்த ஐந்து பேருக்கு அது தண்டனை. 9.30 ஒத்துவராது என்று எல்லோரும் சொன்னால் 9.45 என்று மாற்றுங்கள், ஆனால் 9.45 என்றால் 9.45.

பேச்சு வாங்கும் முறையில்தான் நிறைய கூட்டங்கள் கெடுகின்றன. மேலே இருப்பவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் நம் ஊர்களில் அதோடு சரி. மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட், நம் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைப்பவர், தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில் மூன்றாம் அதிகாரம் முழுக்க ஆலோசனை கேட்பது பற்றியது. முக்கியமான காரியம் என்றால் மடாதிபதி எல்லோரையும் கூட்ட வேண்டும், ஏனென்றால் மேலானதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்கிறார். சின்னக் காரியத்துக்கு மூத்தவர்கள் போதும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. எதற்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விதி கிடைப்பது கடினம்.

இதை நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். கேள்வியை வாசித்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஆளுக்கொரு துண்டுத் தாளில் தன் பதிலை எழுதட்டும். எழுதக் கூச்சப்படுகிறவர் ஒரு சொல் எழுதினாலும் போதும். பிறகு அனுபவம் குறைந்தவரிலிருந்து தொடங்கி ஒரு சுற்று, ஆளுக்கு ஒரு நிமிடம், குறுக்கே பேச்சில்லை. அதன் பிறகே விவாதம். நீங்கள் கடைசியில். அந்த இரண்டு நிமிட மௌனம் முதல் வாரம் சங்கடமாக இருக்கும், சிலர் சிரிப்பார்கள். மூன்றாம் வாரம் பழகிவிடும். அதிகம் பேசுகிறவரை அடக்க வேறு வழி தேட வேண்டாம், சுற்று முறையே அவரை அடக்கும். "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்ற யாக்கோபு 1:19-ஐ சுவரில் மாட்டுவதை விட இந்தத் துண்டுத் தாள் பயன் தரும்.

மொழியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். நீங்களும் முதலாளியும் தமிழர்கள். கூட்டத்தின் நடுவில் இரண்டு பேரும் தமிழில் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு மறுபடி கன்னடத்துக்கோ ஆங்கிலத்துக்கோ திரும்புகிறீர்களா? பெங்களூரில் இது அனிச்சையாக நடக்கும், கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. எதிரே இருக்கும் கன்னட சூப்பர்வைசருக்கும் பீகார் ஆபரேட்டருக்கும் "நம்மைப் பற்றித்தான்" என்று தோன்றும். கொரிந்து சபையில் புரியாத பாஷை பேசப்பட்டபோது பவுல் எழுதியது இதுவே: "பாஷையின் கருத்தை நான் அறியாமலிருந்தால், பேசுகிறவனுக்கு அந்நியனாயிருப்பேன், பேசுகிறவனும் எனக்கு அந்நியனாயிருப்பான்." அர்த்தம் சொல்கிறவன் இல்லாவிட்டால் சபையில் பேசாதிருக்கவும் சொன்னார். ஒவ்வொருவரும் தனக்கு வருகிற மொழியில் பேசட்டும், பக்கத்தில் இருப்பவர் ஒரு வரியில் எடுத்துச் சொல்லட்டும். முடிவை மட்டும் கன்னடத்திலும் இந்தியிலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் தமிழை மதிய சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த 180 பீஸ்.

ஒரு பீஸுக்கு இரண்டு நிமிட சைக்கிள் என்று வைத்தால் 180 பீஸ் என்பது ஆறு மணி நேர ஓட்டம். ஆறு மணி நேரம் யாரும் அளக்கவில்லை, அல்லது அளந்தும் எழுதவில்லை. பொதுவாக இது நடக்கிற விதம்: ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தேய்ந்த இன்சர்ட்டை மாற்றுவார்கள், ஆஃப்செட்டில் (மெஷினுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தத்தில்) ஒரு எண் தப்பாக விழும், பழைய ஷிஃப்ட் "புது ஆள் முதல் பீஸைப் பார்ப்பார்" என்று போய்விடும், புது ஷிஃப்ட் "பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார்கள்" என்று ஸ்டார்ட் பட்டனை அழுத்தும். இதில் சூப்பர்வைசரின் பங்கு இருக்கலாம். ஆனால் இடைவெளி விட்டு அளக்கும் ஒழுங்கு இருந்திருந்தால் இருபது பீஸோடு நின்றிருக்கும், அந்த ஒழுங்கு இல்லாதது நிர்வாகத்தின் பங்கு, அதாவது உங்களுடையது. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகள் 18:13 கறாராகச் சொல்கிறது.

எண்ணைப் பற்றிய பேச்சு எல்லோர் முன்னும், ஆளைப் பற்றிய பேச்சு கதவுக்குப் பின்னால். இதை நீங்கள் கைவிடாத விதியாக வைத்துக்கொள்ளலாம். "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று மத்தேயு 18:15 வைக்கும் வரிசையும் அதுவே: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அதற்குப் பிறகுதான் சபை. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். சபையில் கேட்டுவிட்டு, பிறகு இரண்டு பேரிடம் புலம்பிவிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் கடைசிவரை பேசுவதே இல்லை. கூட்டத்தில் வாய் தவறாமல் இருக்க, "நீங்க ஏன் பார்க்கலை?" என்பதை "எந்த பீஸ்ல அளவு மாறினது தெரிஞ்சது?" என்று மாற்றிக் கேட்கப் பழகுங்கள். முதல் கேள்விக்கு ஒருவர் தற்காப்புத் தேடுவார், இரண்டாவதற்கு இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டைத் தேடுவார்.

அவரிடம் போக வேண்டும். உங்கள் கேபினுக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் அவர் இடத்துக்குப் போங்கள், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், ஆட்கள் இல்லாதபோது. மூன்று வாக்கியம் போதும்: "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்களைக் கேட்டது தப்பு. என்ன நடந்ததுன்னு முதல்ல உங்ககிட்ட தனியா கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன், சொல்லுங்க." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்" என்று தொடங்கினால் முழுதும் வீண். அடிபட்டது பத்துப் பேர் முன்னால் என்பதால், அடுத்த திங்கள் கூட்டத்தில் ஒரே வரி: "போன மாசம் நான் கேட்ட முறை சரியில்லை, அவர்கிட்ட சொல்லிட்டேன்." நாடகம் வேண்டாம், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். அவர் உடனே பேசத் தொடங்கிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மானம் போனவர் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் காலத்தை நாம் குறிக்க முடியாது. 3-ம் மெஷின் அளவு ஒழுங்கை எழுதும் வேலையை அவர் விரும்பினால் அவரிடமே கொடுங்கள். அந்த மெஷின் அவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். "தனியாகப் போய்ப் பேசு" என்பது எல்லாப் புகாருக்கும் பொருந்தாது. ஒரு பெண் ஊழியர் பாலியல் தொல்லை என்று உங்களிடம் வந்தால், "முதலில் அவரிடம் தனியாகப் பேசிப் பாரும்மா" என்றோ "மன்னித்துவிடு" என்றோ வசனம் காட்டி அனுப்பிவிடாதீர்கள். அது அவரை மறுபடி அதே ஆளிடம் தள்ளுவது. இதற்கான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். உங்களிடம் 42 பேர். தலைவர் மூத்த பெண் ஊழியராகவும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். புகாரின் விவரம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மறைமுகமாகக்கூட வரக் கூடாது, ரகசியம் காப்பது சட்டத்தின் கட்டளை. மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது போன்ற உயிர் ஆபத்துக்கும் காத்திருப்பு இல்லை. பார்த்த இடத்தில், பார்த்த நிமிடத்தில், யார் முன்னாலானாலும் நிறுத்த வேண்டியதுதான்.

"சரி மேடம்" விஷயத்துக்கு வருகிறேன். பீன்யாவில் இதற்கு "நோடோணா மேடம்", "மாடோணா மேடம்" என்று இரண்டு உருவம் உண்டு. முதலாவது "பார்க்கலாம்", இரண்டாவது "செய்யலாம்". இரண்டும் வாக்குறுதி இல்லை, மரியாதை. உங்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்பதற்காகச் சொல்லப்படும் ஆமாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பதை அவர்களிடம் எதிர்பார்ப்பதற்கு முன், "இல்லை" என்று சொன்னால் முகம் கடுக்காத மேனேஜராக நீங்கள் இருக்க வேண்டும். கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "புதன்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்றால் பதில் "சரி மேடம்"தான். "புதன்கிழமைக்குள்ள முடியாம போகணும்னா எதனால போகும்?" என்று கேட்டால், அளக்கும் கேஜ் சரிபார்ப்புக்கு (காலிபரேஷன்) போயிருக்கிறது, வர வியாழன் ஆகும் என்ற உண்மை அப்போதே வெளியே வரும். அப்படியானால் வெள்ளி என்று எழுதுங்கள். நடக்காத புதனை விட நடக்கிற வெள்ளி மேல்.

எழுதுவதற்கு எருசலேம் ஆலோசனைக் கூட்டமே நல்ல மாதிரி. அப்போஸ்தலர் 15-ல் மிகுந்த தர்க்கம் நடந்தது என்று ஒளிக்காமல் சொல்லப்படுகிறது. பிறகு பேதுரு பேசுகிறார், கூட்டம் அமைந்திருந்து பர்னபாவும் பவுலும் சொல்வதைக் கேட்கிறது, அவர்கள் பேசி முடிந்த பின்பே யாக்கோபு தன் தீர்மானத்தைச் சொல்கிறார். முடிவு ஒரு சின்னக் கடிதமாகிறது, விலக்க வேண்டியவை நான்கே. அந்தக் கடிதத்தை யூதா, சீலா என்ற இரண்டு பேர் கையில் கொடுத்து, வாய்மொழியாகவும் விளக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். எழுத்தும் வேண்டும், எடுத்துச் சொல்ல ஆளும் வேண்டும். உங்கள் மினிட்ஸில் முடிவு ஒன்றுக்கு ஒரு வரி: என்ன, யார், எந்தத் தேதி, முடிந்தது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது. "யார்" என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். "புரொடக்‌ஷனும் குவாலிட்டியும் சேர்ந்து" என்று எழுதினால் யாரும் செய்யப் போவதில்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் நிர்வாகக் கூட்டத்தில் முடிவை அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்து, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே அடுத்ததற்குப் போவார்கள். இது தங்கமான பழக்கம். கடைசி ஐந்து நிமிடத்தில் வரிக்கு வரி உரக்க வாசியுங்கள். பெயர் வந்தவர் தன் வாயால் தேதியைச் சொல்லட்டும். மதியத்துக்குள் ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் போகட்டும், மெஷின் பக்கம் சூப்பர்வைசர்கள் வாயால் சொல்லட்டும்.

முதலாளி விஷயம் நுட்பமானது, அவசரப்படாதீர்கள். யாத்திராகமம் 18-ல் எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் பேசியதைப் பாருங்கள். காலைமுதல் சாயங்காலம்வரைக்கும் ஜனங்கள் மோசேக்கு முன் நிற்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஏன் இப்படி என்று கேட்டார். பதிலைக் கேட்ட பிறகுதான் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். உடனே மாற்றும் சொன்னார்: ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை வையும், பெரிய காரியம் மட்டும் உம்மிடம் வரட்டும். பார்த்தது, கேட்டது, கணக்கு, மாற்று வழி என்ற அதே வரிசையில் போங்கள். நான்கு வாரம் குறித்து வையுங்கள்: எடுத்த முடிவு எத்தனை, மாறியது எத்தனை, மாறியதால் நின்ற மெஷின் மணி எத்தனை. பிறகு தனியாக உட்கார்ந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒன்று, அவர் 9.30-க்கே வந்து, கடைசிவரை இருந்து, கடைசியில் பேசுவது. அல்லது வராமல் இருந்து, மதியம் வரும் ஒரு பக்கத்தைப் பார்த்து, மறுநாள் காலைக்குள் எதை மாற்ற வேண்டுமோ உங்களிடம் மட்டும் சொல்வது. எவ்வளவு ரூபாய்க்கு மேற்பட்ட செலவு அவரிடம் வர வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பணம், அவர் ஆபத்து. முடிவை மாற்றும் உரிமை அவருக்கு உண்டு. பதினொரு பேர் முன்னால் மாற்றுவதால் அடுத்த வாரம் யாரும் மனதைக் கொடுத்து முடிவெடுக்க மாட்டார்கள் என்பதை மட்டும் அவர் பார்க்க வேண்டும். அவரும் விசுவாசி என்பதால் "உங்களில் பெரியவனாயிருக்க விரும்பினால்" பணிவிடைக்காரனாக இருக்கச் சொல்லும் வசனத்தை எடுத்துப் போடலாம் என்று தோன்றும். எண்களே பேசட்டும், வசனம் அவருக்குத் தெரியும்.

இதெல்லாம் சட்டதிட்டமாக இருக்கிறதே, அன்பு எங்கே என்று உங்கள் சபையில் யாராவது கேட்கலாம். அமெரிக்காவில் கூட்டம் நடத்தப் பரவலாகப் பயன்படும் ராபர்ட் விதிகளை 1876-ல் வெளியிட்ட ஹென்றி ராபர்ட் ஒரு ராணுவப் பொறியாளர். சபைக் கூட்டம் ஒன்றுக்குத் தலைமை ஏற்று, அது கைமீறிப் போனதைப் பார்த்த பிறகே அவர் அந்த வேலையில் இறங்கினார். விசுவாசிகளுக்கும் அஜெண்டா வேண்டியிருக்கிறது. "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்று பவுல் எழுதியதும், அன்பின் அதிகாரம் என்று நாம் சொல்லும் 1 கொரிந்தியர் பதின்மூன்றாவதற்கு அடுத்த அதிகாரத்தில்தான்.

கடைசியாக அந்த நோட்டு. புது முறையைத் தொடங்கும் முன் அறுபது நிலுவைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, பெயருக்குரியவர்களிடம் தனித்தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே பதில்: இந்த மாதம் செய்கிறேன், இன்னொருவர் செய்ய வேண்டியது, இனி தேவையில்லை. தேவையில்லாதவற்றைச் சிவப்பு மையில் அடித்து உங்கள் கையெழுத்தைப் போடுங்கள், பழி யார் மேலும் நிற்காது. மிச்சம் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் இன்னொரு முறை வெட்டுங்கள். மீதியைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி, அடுத்த திங்கள் 9.30-க்கு அங்கிருந்து தொடங்குங்கள்.